சயாஜிராவ் மகாராஜாவும் கிராம நூல் நிலையங்களும்

ஒரு தேசத்தில் எத்தனை பாடசாலைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து, அக்கணக்கைக் கொண்டே அத்தேச மக்களின் அறிவை அளந்துவிடலாம் என்று கருதுவோர் பலர். பாடசாலை அவசியமென்பதை மறுப்பார் யாருமில்லை. ஆனால் ஏழு வயதில் பள்ளிக்குச் சென்று, பதினோரு வயதில் அதை விட்டு, ஏரின் பின்னாலோ தறியின் முன்னாலோ போய்ச் சேரும் ஏழைச் சிறுவன், தான் கற்ற எழுத்தை இருபதாவது வயதில் எவ்வளவு தூரம் நினைவில் வைத்திருப்பான்? வீட்டில் ஒரு புத்தகமில்லை. ஊரில் ஒரு பத்திரிகை வருவதில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு அவன் கண்ணெதிரே ஒன்றுமே இல்லை. சில வருஷங்களில் அவன் கல்வி கையெழுத்துப் போடும் அளவில் வந்து நின்றுவிடுகிறது. பொதுஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு தூவிய விதை, முளைத்த பின் நீரின்றிக் காய்ந்துபோகிறது.

இந்த உண்மையை நமது தேசத்தில் முதன்முதலில் தெளிவாக உணர்ந்து, அதற்குப் பரிகாரமும் தேடியவர் ஒரு பண்டிதரல்லர். கல்வி இலாகாவின் உத்தியோகஸ்தருமல்லர். பன்னிரண்டு வயது வரையில் ஓர் எழுத்தும் அறியாமல், தக்கிணத்துக் கிராமமொன்றில் குடியானவப் பிள்ளையாக வளர்ந்து, பிறகு சிம்மாசனம் ஏறிய ஒருவர். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெயிக்வாரின் சரித்திரத்தை இன்று நாம் எடுத்துக்கொள்வது, அரசர்களின் புகழ் பாடும் நோக்கத்தினாலன்று. மக்கள் வாழ்நாள் முழுதும் கற்பதற்கு ஓர் இடம் வேண்டும், அவ்விடத்தை மக்களே தாங்கி நடத்த வேண்டும் என்ற கொள்கை எவ்வாறு பிறந்தது, எதுவரை வென்றது, எங்கே குறைப்பட்டது என்பதை அச்சரித்திரம் காட்டுகிறது.

நாசிக் ஜில்லாவில் மாலேகாமுக்கு அருகே கவ்லானா என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1863-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் காசிராவ் என்ற பட்டேலின் வீட்டில் கோபாலராவ் என்ற குழந்தை பிறந்தது. கெயிக்வார் வமிசத்தின் தூரத்துக் கிளையொன்றைச் சேர்ந்த குடும்பமாயினும், உழுது பிழைக்கும் குடும்பமே அது. அவ்வமயம் பரோடாவில் ஆட்சி சீர்கெட்டிருந்தது. மல்ஹாரராவ் என்ற மன்னர்மீது ஆங்கில ரெஸிடெண்டுக்கு விஷமிட முயன்றதாகக் குற்றஞ்சாட்டி, விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தனர். கமிஷனில் இருந்த இந்தியர்கள் குற்றம் ருசுவாகவில்லை என்று கருதிய போதிலும், 1875-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஆங்கில சர்க்கார் அவரைப் பதவியிலிருந்து நீக்கி நாடு கடத்தினர். முந்திய மன்னர் கண்டேராவின் விதவையான ஜம்னாபாய் ஸ்வீகாரம் எடுத்துக்கொள்ள அனுமதி பெற்றார். கவ்லானாவிலிருந்து அழைத்துவரப்பட்ட சிறுவர்கள் மூவரில் கோபாலராவ் ஒருவன். எதற்காக வந்தாய் என்று ராணியார் கேட்டபோது, தான் ராஜ்ய பரிபாலனம் செய்ய வந்திருப்பதாக அவன் தயங்காமல் பதில் கூறினான் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், 1875 மே மாதத்தில் அச்சிறுவன் ஸ்வீகாரம் எடுக்கப்பட்டு சயாஜிராவ் என்ற பெயரோடு பட்டத்திற்குரியவனானான்.

பட்டம் கிடைத்துவிட்டது, எழுத்துக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அரிச்சுவடி தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதை, முதியோர் கல்வி வகுப்பில் உட்கார்ந்தவர்களும் அவர்களுக்குக் கற்பித்தவர்களும் அறிவார்கள். மராத்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம் ஆகிய நான்கு பாஷைகளை அவர் ஒருங்கே கற்க நேர்ந்தது. எலியட் என்ற ஆங்கிலேயர் அவருக்கு ஆசிரியராக அமர்ந்தார். ராஜ்யத்தை மேற்பார்க்கும் திவான் பதவி நமது கும்பகோணத்தில் பிறந்த ஸர் டி. மாதவராவிடம் ஒப்புவிக்கப்பட்டது. திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாயிருந்து பெயர் பெற்ற மாதவராவ், ராஜதர்மத்தைப் பற்றி இளவரசருக்குத் தொடர்ந்து உபந்நியாசங்கள் செய்தார். அவை பின்னர் புத்தக வடிவில் வெளிவந்தன. மன்னன் பிரஜைகளின் சுகத்திற்காகவே இருப்பவன், சட்டத்திற்கு அவனும் அடங்கியவன் என்பதே அவ்வுபதேசங்களின் சாரம். சயாஜிராவின் முதல் மனைவியாரும் தஞ்சாவூரிலிருந்து சென்றவரே. ஆகவே பரோடாவின் புது வாழ்வில் காவிரிக்கரைக்கும் ஒரு பங்கு உண்டென்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

1881-ஆம் வருஷம் டிஸம்பர் 28-ஆம் தேதி அவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அப்போது வயது பதினெட்டு. பரோடா சமஸ்தானம் ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பன்று. பரோடா, கடி, நவ்ஸாரி, அம்ரேலி என்று குஜராத்திலும் கத்தியவாரிலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த, ஏறத்தாழ 8,000 சதுர மைல் கொண்ட நாடு அது. குடிகளில் மிகப் பெரும்பாலோர் விவசாயிகள். இளம் மன்னர் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்தார். தாம் தற்செயலாக ஸ்வீகாரம் எடுக்கப்படாமல் இருந்திருந்தால், அக்குடியானவர்களில் ஒருவராகவே எழுத்தறியாமல் வாழ்ந்து மடிந்திருப்போம் என்பது அவருக்குத் தெரியாததன்று. பிற மன்னர்களிடம் இல்லாத ஒரு வேகம் அவருடைய கல்விக் கொள்கையில் காணப்பட்டதற்கு இதுவே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

பட்டம் ஏறிய சில வருஷங்களுக்குள்ளேயே தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பினருக்கும், காடுகளில் வாழும் பழங்குடி மக்களுக்கும் பள்ளிகள் திறந்தார். 1890-இல் கைத்தொழில்களைக் கற்பிக்கக் கலாபவனம் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். 1893-இல் அம்ரேலி தாலுகாவில் சில கிராமங்களில் இலவசக் கட்டாய ஆரம்பக் கல்வியைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார். பதின்மூன்று வருஷங்கள் அதை நடத்திப் பார்த்து, 1906-இல் சமஸ்தானம் முழுமைக்கும் விஸ்தரித்தார். ஆங்கில ஆட்சியின் கீழிருந்த இந்தியாவில் நிலைமை என்ன? கோபால கிருஷ்ண கோகலே 1911-இல் ராஜப் பிரதிநிதியின் சட்டசபையில் மிக அடக்கமான ஓர் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். பரோடாவில் நடப்பதை அவர் உதாரணமாக எடுத்துக்காட்டினார். 1912 மார்ச்சு மாதம் அம்மசோதா தோற்கடிக்கப்பட்டது. 1911-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஆறு பேர் மட்டுமே. பணமில்லை, காலம் வரவில்லை என்று கூறிய சாம்ராஜ்யத்தின் பக்கத்திலேயே, ஒரு சிறு சமஸ்தானம் அதைச் செய்துகொண்டிருந்தது.

ஆனால் கட்டாயக் கல்வியோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதை மன்னர் விரைவில் கண்டார். பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பள்ளியை விட்டபின் படிப்பை மறந்தனர். படித்ததை மறவாமல் காக்கவும், மேலும் வளர்க்கவும் ஊருக்குள் ஒரு சாதனம் இல்லை. இருபது வருஷங்களுக்குப் பின், 1929-இல், ஹார்டாக் கமிட்டியார் இந்தியா முழுவதையும் ஆராய்ந்து, ஆரம்பக் கல்விக்காகச் செலவிடும் பணத்தில் பெரும் பகுதி இவ்வாறு வீணாகிறது என்று அறிக்கையிட்டனர். கமிட்டி கண்டுபிடித்த நோய்க்குப் பரோடாவில் அதற்கு வெகு முன்பே சிகிச்சை தொடங்கிவிட்டது.

நூல் நிலையங்கள் அக்காலத்தில் வேறெங்கும் இல்லாமலில்லை. சென்னையில் கன்னிமாரா நூல் நிலையம் 1896-இல் திறக்கப்பட்டது. கல்கத்தாவில் இம்பீரியல் நூல் நிலையம் 1903-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆயினும் அவை பெருநகரங்களில் கற்றறிந்தாருக்காக எழுந்த மாளிகைகள். கிராமவாசிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. 1906-இல் சயாஜிராவ் அமெரிக்காவுக்குச் சென்றார். அங்கே தொழிலாளியும் கடைக்காரனும் வேலை முடிந்து மாலையில் நேரே சென்று புத்தகம் எடுத்துப் படிக்கும் பொது நூல் நிலையங்களை அவர் கண்டார். அரண்மனைகளையும் கோபுரங்களையும் பார்த்துத் திரும்பிய மன்னர்கள் பலர் உண்டு. ஊர் ஊராய் நூல் நிலையங்களைப் பார்த்து, அவற்றின் அமைப்பைத் தம் நாட்டிற்குக் கொண்டுவர எண்ணியவர் இவர். 1910-இல் நியூஹேவன் நகரத்து நூல் நிலைய அதிகாரியாயிருந்த வில்லியம் ஆலன்ஸன் போர்டன் என்ற அமெரிக்கரை வரவழைத்து, சமஸ்தானத்தில் நூல் நிலையங்களுக்கென்றே ஒரு தனி இலாகாவை ஏற்படுத்தினார்.

போர்டன் மூன்று வருஷங்களே பரோடாவில் தங்கினார். அதற்குள் அவர் நாட்டிய அஸ்திவாரம் உறுதியானது. மன்னர் தம் அரண்மனையில் சேர்த்து வைத்திருந்த ஏறத்தாழ 20,000 புத்தகங்களைப் பொதுவுக்குக் கொடுத்தார். அவையே மத்திய நூல் நிலையத்தின் மூலதனமாயின. சந்தாவின்றி யாவரும் அங்கே வாசிக்கலாம். ஸ்திரீகளுக்கு ஒரு பகுதி, குழந்தைகளுக்கு ஒரு பகுதி என்று தனித்தனியே ஏற்பாடாயின. நூல் நிலையத்தை நடத்துவோருக்குப் பயிற்சி வேண்டுமென்று 1911-இல் ஒரு வகுப்புத் தொடங்கினார்கள். இந்தியாவில் அத்தகைய பயிற்சி நடந்தது அதுவே முதல் தடவை. நூல் நிலைய வேலைக்கென்று ஒரு பத்திரிகை 1912-இல் ஆங்கிலத்திலும் குஜராத்தியிலும் மராத்தியிலும் வெளிவந்தது. பிற்காலத்தில் நியூட்டன் மோகன் தத்தர் அப்பொறுப்பை ஏற்று வேலையை விஸ்தரித்தார்.

இவையெல்லாம் தலைநகரின் செய்தி. பரோடாவின் பெருமை கிராமத்தில்தான் இருக்கிறது. அங்கே பின்பற்றிய திட்டம் மிக எளியது. அதை நம் ஊழியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு கிராமத்தார் தங்களுக்கு நூல் நிலையம் வேண்டுமென்று விரும்பினால், முதலில் தாங்களே பணம் சேர்க்க வேண்டும். அவர்கள் ஒரு பங்கு சேர்த்தால், ஜில்லாப் பஞ்சாயத்து அதற்குச் சமமாக ஒரு பங்கும், சமஸ்தானம் மற்றொரு பங்கும் கொடுக்கும். கிராமத்துக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் வரையிலும், சிறு நகரத்துக்கு 300 ரூபாய் வரையிலும், ஜில்லாவின் தலைநகருக்கு 700 ரூபாய் வரையிலும் இவ்விதம் மான்யம் அளிக்கப்பட்டது. கட்டடம் கட்டுவதற்கும் இதே முறை. மக்கள் கை நீட்டாத ஊரில் சர்க்கார் பணம் இறங்காது. மக்கள் முன்வந்த ஊரை சர்க்கார் கைவிடவும் முடியாது.

சர்வாதிகாரமுள்ள ஒரு மன்னர் நினைத்திருந்தால், கஜானாவிலிருந்து பணத்தை எடுத்து ஊருக்கொரு கட்டடத்தை எழுப்பி, வாசலில் தம் பெயரைப் பொறித்துவிட்டிருக்கலாம். அவ்வாறு எழுந்த கட்டடங்கள் பூட்டிக் கிடந்து புழுதி படிவதை நாம் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறோம். தன் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தவன் அந்த ஸ்தாபனத்தைத் தன்னுடையதாக எண்ணுகிறான். கணக்குக் கேட்கிறான், கமிட்டியில் உட்காருகிறான், எந்தப் புத்தகம் வாங்குவது என்று வாதாடுகிறான். இவ்வாறு பொதுப் பணத்தைப் பொறுப்போடு நிர்வகிக்கப் பழகுவதே சுயராஜ்யத்தின் முதற்பாடம். பஞ்சாயத்தைப் பற்றி மேடையில் பேசுவதைவிட, ஒரு நூல் நிலையக் கமிட்டியைச் சச்சரவின்றி ஒரு வருஷம் நடத்துவது பெரிய தேசத்தொண்டு என்று நாம் சொல்லுவோம்.

நூல் நிலையம் வைக்கத் திராணியில்லாத சிற்றூர்களும் இருந்தன. அவற்றைத் தேடிப் புத்தகங்களே சென்றன. பதினைந்து முதல் முப்பது புத்தகங்கள் வரை கொள்ளக்கூடிய உறுதியான மரப்பெட்டிகளைச் செய்து, மத்திய இலாகாவிலிருந்து ரயிலிலும் வண்டியிலும் ஏற்றி ஊர்களுக்கு அனுப்பினார்கள். போக்குவரத்துச் செலவை இலாகாவே ஏற்றுக்கொண்டது. ஊர்ப் பள்ளி ஆசிரியரோ வேறு பொறுப்பான ஒருவரோ பெட்டியை வாங்கி வைத்துப் புத்தகங்களை வழங்குவார். குறித்த காலம் முடிந்ததும் அப்பெட்டி திரும்பும். வேறொரு பெட்டி வரும். எழுத்தே அறியாதவர்களையும் அந்த இலாகா மறந்துவிடவில்லை. மாஜிக் லாந்தர் படங்களையும் சினிமாப் படங்களையும் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகச் சென்று, சுகாதாரத்தையும் விவசாயத்தையும் பிற தேசங்களின் வாழ்க்கையையும் காட்டினார்கள். படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டுமே நூல் நிலையம் என்ற எண்ணத்தை அவர்கள் ஏற்கவில்லை.

இவ்வேலையில் மன்னரின் பெயரோடு மற்றொருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நாம் நியாயம் செய்தவர்களாக மாட்டோம். வஸோ என்ற ஊரைச் சேர்ந்த மோதிபாய் அமீன் ஒரு பள்ளி ஆசிரியர். சர்க்கார் இலாகா பிறப்பதற்கு முன்பே, நண்பர் மண்டலங்கள் என்ற பெயரில் ஊர்களில் சிறு வாசகசாலைகளை அவர் தோற்றுவித்திருந்தார். பிறகு அரசாங்கத்தின் நூல் நிலைய இலாகாவிலேயே சேர்ந்து, கிராமங்களுக்கும் சர்க்காருக்கும் நடுவே பாலமாயிருந்து உழைத்தார். குஜராத்தில் நூல் நிலைய இயக்கத்தின் தந்தை என்று மக்கள் அவரையே கொண்டாடுகிறார்கள். மன்னரிடம் அதிகாரமும் பணமும் இருந்தன. ஆனால் மக்களிடையே விருப்பத்தை மூட்டியவர்கள் அவரைப் போன்ற தொண்டர்களே.

அறிவு பரவும் இடத்தில் அந்நிய ஆட்சிக்குச் சந்தேகமும் பிறக்கும். ஸ்ரீ அரவிந்தர் 1893 முதல் 1906 வரை பரோடா உத்தியோகத்தில் இருந்தவர். தேசபக்தர்கள் பலருக்கு சயாஜிராவ் இடங்கொடுக்கிறார் என்ற புகார் வைசிராயின் மாளிகைக்குப் போய்க்கொண்டேயிருந்தது. 1911 டிஸம்பர் 12-ஆம் தேதி டில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தர்பார் நடந்தது. ஹைதராபாத், மைசூர் மன்னர்களுக்கு அடுத்தபடியாக வந்த சயாஜிராவ், ஆபரணக் குவியலின்றி எளிய வெள்ளுடையில் வந்து, ஒரு முறை தலைவணங்கிவிட்டு, சக்கரவர்த்திக்கு முதுகைக் காட்டித் திரும்பிச் சென்றார். ஆங்கிலப் பத்திரிகைகள் ஆர்ப்பரித்தன. அவர் வேண்டுமென்றே அவமதித்தார் என்றனர் சிலர். முறை தெரியாமல் பதறினார் என்றனர் சிலர். பின்னர் அவர் வைசிராய்க்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. சிம்மாசனத்தில் இருந்தாலும் அவர் கட்டுண்ட மனிதரே. ஆனால் தர்பாரில் வணங்குவதா நிமிர்வதா என்ற கேள்வி ஒரு நாளோடு போயிற்று. அதே வருஷத்தில் அவருடைய புத்தகப் பெட்டிகள் கிராமங்களுக்குப் புறப்பட்டதை எந்தப் பத்திரிகையும் ராஜத்துவேஷம் என்று அழைக்கவில்லை. ஏகாதிபத்தியத்திற்கு அதிக அபாயம் விளைவித்தது அந்தப் பெட்டிதான் என்பது நம் அபிப்பிராயம்.

மன்னரின் கொள்கைக்கு மிகக் கடினமான பரீட்சை வெளியிலிருந்து வரவில்லை. அவருடைய தலைநகரத்து வீதியிலேயே வந்தது. டாக்டர் அம்பேத்கரின் கல்லூரிப் படிப்புக்கு உதவியவர் சயாஜிராவ். 1913-இல் உபகாரச் சம்பளம் கொடுத்து அவரை அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலைக்கு அனுப்பியவரும் அவரே. உடன்படிக்கைப்படி பரோடாவில் ஊழியம் செய்ய 1917-இல் அம்பேத்கர் வந்து சேர்ந்தார். மேல்நாட்டுப் பட்டங்களோடு வந்த அந்த அறிஞருக்கு நகரத்தில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்ஸி விடுதி ஒன்றில் தம்மை யாரென்று சொல்லாமல் தங்கியிருந்தவரை, விஷயம் வெளிப்பட்டதும் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. புகலிடமின்றிப் பொதுத் தோட்டமொன்றில் அமர்ந்து கண்ணீர் விட்டு, அவர் பம்பாய்க்கு ரயிலேறினார். தீண்டாமையை வெறுத்த மன்னரின் ராஜ்யத்தில், அவர் செலவிலேயே படித்துத் திரும்பியவருக்கு நேர்ந்தது இது. அடுத்த வருஷம், 1918-இல், பம்பாயில் கூடிய தாழ்த்தப்பட்ட வகுப்பினர் மகாநாட்டில் சயாஜிராவ் தலைமை வகித்தார். ஆனால் அந்த ஒரு நாளின் களங்கம் அதனால் துடைக்கப்பட்டுவிடவில்லை.

இதை நாம் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நூல் நிலையம் என்பது ஒரு கட்டடமும் சில அலமாரிகளும் மட்டுமல்ல. ஊரார் யாவரும் ஒரே பாயில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பத்திரிகையைக் கை மாற்றிப் படிக்கும் இடம் அது. எவனேனும் ஒருவன் வாசற்படியில் நின்று உள்ளே வரத் தயங்குகிற வரையில், அது பொது நூல் நிலையமாகாது. சர்க்கார் உத்தரவு கதவைத் திறக்கும். உள்ளே இடம் விட்டு உட்காருவது ஊராரின் மனத்தைப் பொறுத்தது. பரோடாவின் சரித்திரம் இரண்டையும் நமக்குக் காட்டுகிறது.

வேறு குறைகளும் இருந்தன. மன்னர் வருஷக்கணக்காக ஐரோப்பாவில் காலங்கழித்தார் என்று குடிகள் முறையிட்டனர். 1908-இல் ஏற்பட்ட தாரா சபையென்னும் சட்டசபைக்கு ஆலோசனை கூறும் உரிமைக்கு மேல் அதிகாரம் இல்லை. பொறுப்பாட்சி வேண்டுமென்று பிரஜா மண்டலத்தார் கிளர்ச்சி செய்தனர். 1938-இல் பாத்ரணில் கூடிய அம்மண்டலத்தின் மகாநாட்டிற்கு சர்தார் வல்லபபாய் படேல் தலைமை தாங்கினார். கவனித்துப் பார்த்தால், உரிமை கேட்ட அந்தத் தலைமுறையினர் கட்டாயக் கல்வி பெற்று, கிராம வாசகசாலைகளில் பத்திரிகை படித்து வளர்ந்தவர்கள். பிரஜைகளுக்கு அறிவைக் கொடுத்த மன்னர், தம்மையே கேள்வி கேட்கும் பிரஜைகளையும் உண்டாக்கிவிட்டார். அவருடைய நூல் நிலைய முயற்சிக்கு இதைவிடச் சிறந்த நற்சாட்சி வேண்டியதில்லை.

அவருடைய இறுதிக் காலத்தில் திவானாக இருந்தவரும் தமிழரே. கரூருக்கு அருகே வாங்கலில் பிறந்த வி. டி. கிருஷ்ணமாச்சாரியார் 1927 முதல் 1944 வரை அப்பதவியை வகித்தார். பழைய சமஸ்கிருத ஏட்டுப் பிரதிகளை அச்சிடும் வரிசை 1916-இல் தொடங்கியது. அவற்றைக் காக்கும் கீழ்நாட்டுக் கலைக்கழகம் 1927-இல் ஏற்பட்டது. மத்திய நூல் நிலையம் 1931-இல் தனக்கென அமைந்த புதிய கட்டடத்திற்குக் குடிபுகுந்தது. 1930-களின் இறுதியில் சமஸ்தானத்தின் கிராமங்களிலும் நகரங்களிலும் இருந்த நூல் நிலையங்களின் தொகை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 1939-ஆம் வருஷம் பிப்ரவரி 6-ஆம் தேதி பம்பாயில் சயாஜிராவ் காலமானார். ஆட்சி செலுத்திய காலம் ஐம்பத்தேழு வருஷங்கள்.

பின் என்ன ஆயிற்று? 1949-இல் பரோடா பம்பாய் ராஜ்யத்தோடு இணைந்தது. 1960-இல் குஜராத் தனி மாநிலமாயிற்று. பரோடாவின் நூல் நிலையங்கள் அரசரின் உத்தரவையும் மான்யத்தையும் நம்பி வளர்ந்தவை. அவற்றுக்கு வரியும் உரிமையும் வகுக்கும் சட்டம் ஏதுமில்லை. முதலில் அத்தகைய சட்டம் இயற்றியது கோல்ஹாப்பூர் சமஸ்தானம், வருஷம் 1945. சுதந்தர இந்தியாவில் முதலில் இயற்றியது நமது சென்னை ராஜதானி, வருஷம் 1948. குஜராத்தில் பொது நூல் நிலையச் சட்டம் வந்தது 2001-இல்தான். நாட்டிற்கெல்லாம் வழிகாட்டிய மண், சட்டத்திற்காக அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தது. நல்ல மன்னரின் கருணை அவர் ஆயுளோடு முடியக்கூடியது; மக்கள் பிரதிநிதிகள் இயற்றிய சட்டமே தலைமுறைகளைக் கடந்து நிற்கும் என்பது இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

ஆயினும் நமக்குச் சட்டம் இருக்கிறது என்று பெருமை பேசிவிட்டு நாம் உறங்கிவிடக் கூடாது. மன்னார்குடியில் 1931-இல் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குச் சென்றவர்கள் சட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களல்லர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் வருஷக்கணக்காக வாதாடியதன் பலனாக 1948-ஆம் வருஷத்துச் சட்டம் வந்தது. சொத்துவரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். ஆனால் வரி செலுத்துவதோடு நம் பங்கு தீர்ந்ததென்று எண்ணிவிட்டோம். பரோடாவில் மூன்று பங்கில் மக்களின் பங்கு முதலாவதாக இருந்தது. நம்மிடம் சர்க்கார் பங்கு இருக்கிறது, உள்ளூர் ஸ்தாபனத்தின் பங்கு இருக்கிறது. மக்கள் தாமாகக் கொடுக்கும் பங்கு எங்கே?

அப்பங்கு பணமாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. தேசத்தொண்டில் ஈடுபட்ட வாலிபர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் ஊர் நூல் நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, உழைத்து வீடு திரும்பும் கூலியாள் வரக்கூடிய மாலை வேளையில் அது திறந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அங்கே ஸ்திரீகள் வருகிறார்களா, சேரியிலிருந்து யாரேனும் வருகிறார்களா என்று கவனியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். வரிப்பணம் என்ன ஆயிற்று, எந்தப் புத்தகம் வாங்கினார்கள் என்று கேளுங்கள். கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் செலவிடும் மாலைகளில் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள்.

கவ்லானாவில் மாடு மேய்க்கும் பிள்ளைகளோடு வளர்ந்த ஒரு சிறுவனுக்கு எழுத்துக் கிடைத்தது, அதிர்ஷ்டவசமாக ஒரு ராணியின் கண் அவன்மேல் விழுந்ததனால். அச்சிறுவன் அரசனானபின், தன்னைப் போன்ற பிள்ளைகள் எவரும் அந்த அதிர்ஷ்டத்திற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று எண்ணினான். இன்று அரசரும் இல்லை, ராணியும் இல்லை. ஊருக்கு ஊர் எத்தனையோ கோபாலராவ்கள் பள்ளியை விட்டு வெளியே வந்து நிற்கிறார்கள். அவர்கள் போய் உட்கார ஓரிடம் வைத்திருக்கும் கடமை இப்போது நம்முடையது.